மூச்சை எண்ணுங்கள்

பலெர்மோவில் தாதியத் துறையில் பயிலும் தமிழ் மாணவர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மூச்சு. தத்துவ மூச்சு அல்ல, யோகாசன மூச்சும் அல்ல. கட்டிலில் கிடக்கும் ஒரு நோயாளியின் மூச்சு. அதை ஒரு தாதி தன் கண்ணாலும் கையாலும் காதாலும் எப்படிப் பரிசோதிப்பது என்பதுதான் பேச்சு.

முன்வரிசைப் பிள்ளைகள் சிலர் புத்தம்புது ஸ்டெதஸ்கோப்போடு வந்திருக்கிறீர்கள். நல்லது. ஆனால் அதை இப்போதைக்குப் பைக்குள் வையுங்கள். நெஞ்சுப் பரிசோதனை என்றால் ஸ்டெதஸ்கோப் என்று ஊரெல்லாம் நினைக்கிறது. நான் அதைக் கடைசியில்தான் எடுப்பேன். அதற்கு முன்னே செய்யவேண்டியதைச் செய்யாமல் அதை நெஞ்சில் வைக்கிறவர் பரிசோதிக்கவில்லை. பரிசோதிப்பதுபோல் தோற்றம் காட்டுகிறார். அவ்வளவுதான்.

முதலில் ஒரு கேள்வி. நெஞ்சைப் பரிசோதிப்பது டாக்டரின் வேலைதானே, தாதிக்கு ஏன் இது? உங்கள் வீட்டிலேயே இப்படிக் கேட்பார்கள். பதில் இந்த நாட்டின் சட்டத்தில் இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் ஆணை ஒன்று, தாதி எதைச் செய்யலாம் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தது. ‘மான்சியோனாரியோ’ என்றார்கள். பட்டியலில் உள்ளதைச் செய், மிச்சத்தைக் கேட்காதே என்பதுதான் அதன் தொனி. 1994ஆம் ஆண்டின் 739ஆம் இலக்க ஆணை, நோயாளியின் தேவை என்ன என்று கண்டறிவதும் தாதியின் தொழில் என்று எழுதியது. 1999ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கச் சட்டம் அந்தப் பழைய பட்டியலையே ஒழித்துவிட்டது. ஆக, பிள்ளைகளே, பார்ப்பதும் கண்டறிவதும் உங்களுக்கு யாரோ இரங்கிக் கொடுத்த சலுகை அல்ல. அது உங்கள் பொறுப்பு. செய்யாமல் விட்டால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

சரி, இந்த ஊரின் காற்றைப் பற்றிக் கொஞ்சம். பலெர்மோவில் வேலை செய்யப்போகிறவர்கள் மூன்று விடயங்களைத் தெரிந்து வைத்திருக்கவேண்டும். ஒன்று ஷிரோக்கோ. ஆபிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வரும் வெக்கைக் காற்று. சகாராப் புழுதியையும் சேர்த்துக் கொண்டுவரும். கார்க் கண்ணாடியில் மஞ்சளாகப் படிந்தால் வீட்டில் இழுப்புக்காரர் யார் யார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, பழைய சுவர் வெடிப்புகளில் முளைத்துக் கிடக்கும் பரியெத்தாரியா. பார்த்தால் பாவப்பட்ட களைச்செடி. அதன் மகரந்தம்தான் மத்தியதரைக் கடல் கரைகளில் ஒவ்வாமையைக் கிளப்புவதில் முன்னணியில் நிற்கிறது. அதன் புரதங்களை ஆராய்ந்ததில் இந்த பலெர்மோ ஆய்வாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மூன்றாவது புகை. 2023 ஜூலை 24, 25ஆம் திகதிகளை இங்கே யார் மறப்பார்? வெயில் 47 பாகை வரை ஏறியது, சுற்றியிருந்த மலைகள் எரிந்தன, விமான நிலையத்தை மூடினார்கள், பெல்லோலம்போ குப்பைமேட்டுப் புகை வீடுகளுக்குள் வந்தது. அப்படிப்பட்ட நாளில் ஒரு நோயாளியிடம் “எப்போதிருந்து இருமல்?” என்று மட்டும் கேட்டால் போதுமா? எங்கே இருந்தீர்கள், யன்னல் திறந்திருந்ததா என்றும் கேட்கவேண்டாமா?

கேட்பது என்றதும் ஒன்று சொல்லவேண்டும். நம்முடைய ஆட்கள் வருத்தத்தை எப்படிச் சொல்வார்கள்? யாழ்ப்பாணத்து அம்மம்மா “எனக்குத் தொய்வு” என்பார், “முட்டு” என்பார். தமிழ்நாட்டுக்காரர் “வீசிங்” என்பார். இன்னொருவர் “களைக்குது” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். அந்தக் களைப்பு இரத்தச் சோகையா, இதயமா, நெஞ்சுச் சளியா என்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் எடுக்கவேண்டும். நீங்கள் இத்தாலி மொழியில் படித்தவர்கள். தமிழில் கேட்க நாக்கு தடுக்கும். தடுக்கட்டும், கேளுங்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், பாடநூல்களைத் தமிழாக்கினார். அந்நியர் ஒருவர் முழு மருத்துவத்தையும் தமிழில் சொல்லிக்கொடுத்தார் என்றால், “படுத்தால் மூச்சு முட்டுதோ?” என்று கேட்க நமக்கு என்ன தடை?

இன்னொரு கேள்வி இருக்கிறது, எந்தப் பாடநூலிலும் இல்லாதது. “மலை ஏறினீர்களா?” 1624இல் கொள்ளைநோயிலிருந்து இந்த நகரைக் காத்தவள் என்று நம்பப்படும் சாந்தா ரொசாலியாவைத் தேடி, மொந்தே பெல்லெகிரினோ மலைக்கு நம்மவர்கள் போகிறார்கள். கிறிஸ்தவர்களும் போகிறார்கள், சைவர்களும் போகிறார்கள். உச்சி 606 மீற்றர். கோயில் அதற்குக் கீழே. முந்தின வருடம் ஒரே மூச்சில் ஏறினவர், போன வருடம் இரண்டு இடத்தில் குந்தினார், இந்த வருடம் பஸ்ஸில் போனார் என்றால், அது வயதா, வருத்தமா? “வயசு போட்டுது பிள்ளை” என்று அவர் சிரிப்பார். நீங்கள் சிரித்துவிட்டு விடக்கூடாது. மலை வேண்டாம், படிக்கட்டைக் கேளுங்கள். பல்லரோப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் லிப்ட் ஏது? எத்தனையாம் மாடியில் நின்று மூச்சு வாங்குகிறார், போன மாதம் எங்கே நின்றார், மரக்கறிப் பையோடு ஏறமுடிகிறதா? இந்தப் பதிலுக்கு எந்தக் கருவியும் ஈடு இல்லை.

இப்போது நோயாளிக்கு முன்னால் வந்துவிட்டோம். என்ன செய்யவேண்டும்? ஒன்றும் செய்யக்கூடாது. நின்று பார்க்கவேண்டும்.

எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். சாய்ந்து சுகமாகப் படுத்திருக்கிறாரா, அல்லது கட்டில் விளிம்பில் முன்னால் குனிந்து இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறாரா? அப்படி ஊன்றி இருக்கிறவரைப் படுக்கவைக்க முயலாதீர்கள். மூச்சுக்கு வேண்டிய இடத்தை அவர் உடம்பே தேடி எடுத்திருக்கிறது. கழுத்தைப் பாருங்கள், ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துத் தசை கயிறு மாதிரி எழும்புகிறதா? விலா இடுக்குகள் உள்ளே இழுக்கின்றனவா? மூக்குத் துவாரம் விரிகிறதா? உதட்டைக் குவித்து ஊதி ஊதி விடுகிறாரா? நெஞ்சு எழும்பும்போது வயிறும் எழும்பவேண்டும். நெஞ்சு எழும்ப வயிறு உள்ளே போனால், உதரவிதானம் களைத்துவிட்டது. அவருக்கு அதிக நேரம் இல்லை.

பேசவிடுங்கள். “இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள்?” என்று சும்மா கேளுங்கள். “காலமை இரண்டு துண்டு பாணும் தேத்தண்ணியும் எடுத்தனான்” என்று ஒரே இழுப்பில் சொன்னால் நல்லது. “காலமை... இரண்டு துண்டு... பாண்...” என்று உடைத்து உடைத்துச் சொன்னால், நீங்கள் இன்னும் நெஞ்சைத் தொடவேயில்லை, பாதிப் பரிசோதனை முடிந்துவிட்டது.

இனித்தான் நான் சொல்ல வந்த விடயம். எண்ணுங்கள். மூச்சை எண்ணுங்கள். ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்.

உடல்நிலைத் தாளில் உள்ள எண்களில் மிக மலிவானது இதுதான். கடிகாரம் ஒன்று போதும். அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இதுதான். வார்டில் எந்தத் தாளைப் புரட்டினாலும் பாருங்கள்: 18, 18, 18, 18, 18. பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு பேருக்கும் 18. பன்னிரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டா மூச்சு விடுகிறார்கள்? யாரும் எண்ணவில்லை என்பதற்கு அந்தப் பதினெட்டே சாட்சி. இது இங்கே மட்டும் உள்ள பழக்கம் அல்ல. சென்னையிலும் உண்டு, கொழும்பிலும் உண்டு, லண்டனிலும் உண்டு.

எப்படி எண்ணுவது? “உங்கள் மூச்சை எண்ணப்போகிறேன்” என்று சொல்லவே கூடாது. சொன்ன மாத்திரத்தில் அவர் மூச்சு மாறிவிடும். மூச்சு நம் இச்சைக்கும் கட்டுப்படும் அல்லவா? நாடி பிடிப்பதுபோல் மணிக்கட்டைப் பிடியுங்கள். நாடியை எண்ணி முடித்தபின்னும் கையை விடாதீர்கள், பிடித்தபடியே நெஞ்சைப் பாருங்கள். எழுந்து தாழ்வது ஒன்று. போர்வை மூடியிருந்தால் விலக்குங்கள். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் போதாதா என்று உங்களில் யாரோ யோசிப்பது எனக்குத் தெரிகிறது. போதாது. ஒரு மூச்சு தவறினால் கணக்கில் நாலு தவறும். அதைவிட, சிலருடைய மூச்சு மெல்லக் கூடி, ஆழமாகி, மெல்லக் குறைந்து, முற்றாக நின்று, மறுபடி தொடங்கும். செய்ன்–ஸ்டோக்ஸ் என்று படித்திருப்பீர்கள். நின்ற நேரத்தில் பார்த்தால் ஒன்றும் இராது, வேகமான நேரத்தில் பார்த்தால் நாற்பது வரும். முழு நிமிடம் நின்றவருக்குத்தான் உண்மை தெரியும்.

வளர்ந்தவருக்கு ஓய்வில் 12 முதல் 20 வரை. லண்டனின் மருத்துவர்களுக்கான ரோயல் கொலிஜ் வகுத்த எச்சரிக்கை மதிப்பெண் முறை 2012இல் வந்தது, 2017இல் திருத்தப்பட்டது. அதில் 21 முதல் 24 வரை என்றால் இரண்டு புள்ளி. 25 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்று. 8 அல்லது அதற்குக் கீழ் என்றாலும் மூன்று. ஒரே எண்ணுக்கு மூன்று புள்ளி விழுந்தால், உடனே டாக்டர் வந்து பார்க்கவேண்டிய நிலை. குழந்தைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை வேறு: இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பச்சைக் குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இருமலோடு வந்த குழந்தைக்கு இந்த எண்ணைத் தொட்டாலே வேகமூச்சு. அழும் குழந்தையை எண்ணாதீர்கள். தாயின் மடியில் அடங்கவிட்டு எண்ணுங்கள்.

பகல் முழுக்க முதியவர்களைப் பராமரித்துவிட்டு வேலை உடுப்போடேயே வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காமாரே, அண்ணன்மாரே, இது உங்களுக்கும்தான். இந்த நகரத்துக் கிழவர், கிழவிமாரின் மூச்சை டாக்டரைவிட, பெற்ற பிள்ளைகளைவிட அதிக நேரம் பார்க்கிறவர்கள் நீங்கள். எண்பது கடந்தவருக்கு நிமோனியா வந்தால் காய்ச்சல் காயவேண்டும் என்று கட்டாயமில்லை. இருமலும் இராமல் போகலாம். சாப்பிட மறுப்பார், ஆளை மாற்றிச் சொல்வார், விழுவார். “சிஞ்ஞோரா இன்றைக்கு ஒரு மாதிரி இருக்கிறா” என்று உங்களுக்கு மட்டும் தோன்றும். அப்போது எண்ணுங்கள். நேற்று 16 இருந்தது இன்று 28 என்றால், அந்த வீட்டாரிடம் “ஒரு மாதிரி” என்று சொல்லாதீர்கள், 28 என்று சொல்லுங்கள். எண்ணைச் சொன்னால் யாரும் உங்களை அலட்சியம் செய்யமாட்டார்கள்.

“விரலில் சத்துரீமெத்ரோ மாட்டினால் எல்லாம் தெரியுமே, எண்ணுவானேன்?” நல்ல கேள்வி. 2020 பெப்ரவரிக் கடைசியில் பெர்கமோவிலிருந்து இங்கே சுற்றுலா வந்தவர்களிடையே கொரோனா கண்டறியப்பட்டதிலிருந்து, அந்தக் கருவி இல்லாத வீடே இல்லை. கருவி நல்லதுதான். ஆனால் அது ஒட்சிசனைச் சொல்லும். அந்த ஒட்சிசனைப் பிடித்துவைக்க அந்த மனிதர் எவ்வளவு பாடுபடுகிறார் என்பதைச் சொல்லாது. நிமிடத்துக்கு 32 தடவை மூச்சு விட்டு 96ஐப் பிடித்துக்கொண்டிருப்பவர் களைத்து விழுந்தால் என்ன ஆகும்?

இன்னொரு சங்கதி. நம் தோலின் நிறம். அந்தக் கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் அனுப்பி அளக்கிறது. கருமையான தோல் அந்த அளவைக் கொஞ்சம் பிழைக்கச் செய்யும். 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இது: கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், இரத்தத்தை எடுத்துப் பார்த்தால் உண்மையில் 88க்கும் கீழே இருந்தது, வெள்ளையரில் நூற்றுக்கு ஏறக்குறைய நாலு, கறுப்பினத்தவரில் ஏறக்குறைய பன்னிரண்டு. தமிழரை அவர்கள் தனியாகப் பார்க்கவில்லை. ஆனால் நம் தாத்தாவின் விரலைப் பார்த்தால் இந்த எச்சரிக்கை நமக்கும் உரியது என்று தெரியாதா? ஆகவே கருவி 94 என்கிறது, ஆள் கட்டில் விளிம்பில் கை ஊன்றி இருக்கிறார் என்றால், ஆளை நம்புங்கள். நீலம் பாய்ந்திருக்கிறதா என்று நகத்திலும் முகத்திலும் தேடாதீர்கள். நாக்கைப் பாருங்கள், உதட்டின் உட்புறத்தைப் பாருங்கள், நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இரத்தச் சோகை உள்ளவருக்கு நீலம் வராமலே ஆபத்து வரலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

இனிக் கை. கையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள், மாசியில் இந்த ஊரில் பனிக்கட்டி மாதிரி இருக்கும். முதுகுப் பக்கம், கீழ் விலாக்களில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, பெருவிரல்களை முதுகெலும்புக்கு நேரே கொண்டுவாருங்கள். ஆழமாக இழுக்கச் சொல்லுங்கள். பெருவிரல்கள் இரண்டும் ஒரே அளவு விலகவேண்டும். ஒரு பக்கம் பின்தங்கினால் கோளாறு அந்தப் பக்கம். தொண்டைக் குழியில் ஒரு விரலை வைத்து மூச்சுக்குழல் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். குரல் அதிர்வைப் பார்க்க இங்கே “த்ரெந்தாத்ரே” என்று சொல்லச் சொல்வார்கள். முப்பத்து மூன்று. இத்தாலி தெரியாத அம்மம்மாவை அதைச் சொல்ல வைத்துப் படாத பாடு படவேண்டாம். “ஒன்று, ஒன்று” என்று கனமாகச் சொன்னாலும் கை அதிரும். அதிர்வு கூடினால் நுரையீரல் சளியால் இறுகியிருக்கலாம். குறைந்தால் நடுவே நீரோ காற்றோ நிற்கலாம்.

தட்டிப் பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். வீயன்னாவில் 1761இல் அவுவன்புரூகர் எழுதிவைத்த முறை அது. விடுதிக்காரர் மகன், பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதை நெஞ்சுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். நீர் கோத்த இடம் கல்லைத் தட்டினதுபோல் மந்தமாக ஒலிக்கும், காற்று அடைத்த இடம் மத்தளம்போல் முழங்கும். பயிற்சிக் காலத்தில் ஆயிரம் நெஞ்சைத் தட்டினால் வரும். மேடையில் சொல்லி வராது.

இப்போது எடுங்கள் ஸ்டெதஸ்கோப்பை! 1816இல் பாரிசில் லெயனெக் கடதாசியைச் சுருட்டிச் செய்த கருவி. துணிக்கு மேலே வைக்கலாமா? கூடாது. சோட்டிக்கு மேலே வைத்தால் துணி உரசும் சத்தத்தை நெஞ்சுச் சத்தம் என்று எழுதிவிடுவீர்கள். ஆனால் வெட்கப்படுகிறவரின் உடுப்பை வெடுக்கென்று உயர்த்தவும் கூடாது. கதவைச் சாத்துங்கள், மருமகனை வெளியே அனுப்புங்கள், “அம்மம்மா, முதுகுப் பக்கம் மட்டும் கொஞ்சம் தளர்த்தட்டோ?” என்று கேளுங்கள். “ஓம் பிள்ளை” என்றபின் கையை வையுங்கள். சித்தாலேபத் தைலம் பூசியிருந்தால் துடைத்துவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் கருவி ஒரு கிழமைக்கு மணக்கும்.

வாயைத் திறந்து ஆழமாக மூச்சு விடச் சொல்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு முழு மூச்சு கேளுங்கள். வலம் கேட்டால் அதே மட்டத்தில் இடம் கேளுங்கள்; ஏணியில் மாறி மாறிக் கால் வைத்து இறங்குவதுபோல் இறங்குங்கள். நுரையீரலின் கீழ்மடல்கள் பெரும்பாலும் முதுகுப் பக்கம்தான் கிடைக்கும். படுக்கையில் கிடப்பவரின் வருத்தம் அடியில் தேங்கும். அவரைத் திருப்பச் சோம்பி முன்பக்கம் மட்டும் கேட்டுவிட்டு ‘மூர்மூரே வெஷிகொலாரே நோர்மாலே’, அதாவது மூச்சுச் சத்தம் இயல்பு, என்று எழுதுகிறவர், நோய் இருக்கும் இடத்தைக் கேட்கவே இல்லை. வலது நடுமடலோ முன்பக்கமும் அக்குளும் கேட்டால்தான் அகப்படும்.

சத்தங்கள் நிறைய, இன்றைக்கு இரண்டு போதும். உங்கள் காதோரத்து மயிரை இரண்டு விரலால் உருட்டிப் பாருங்கள். கேட்கிறதா? அந்த நெறுநெறுப்புத்தான் ரந்தோலி. நிமோனியாவிலும் வரும், இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தாலும் வரும். விசில் அடிப்பதுபோல் மூச்சு விடும்போது வந்தால் சிபிலி, நம் அம்மம்மாவின் முட்டு. ஆனால் ஒன்று கேளுங்கள்: நேற்று முழுக்க விசில் அடித்த தொய்வுக்காரரின் நெஞ்சு இன்று அமைதியாக இருந்தால், ஆள் சோர்ந்து கிடந்தால், சுகமாகிவிட்டதா? இல்லை, பிள்ளைகளே! விசில் அடிக்கக்கூடக் காற்றுப் போகவில்லை. நிசப்தமான நெஞ்சுக்கு ஓடவேண்டும்.

கடைசியாக எழுதுவது. பார்த்ததை எழுதுங்கள், எண்ணியதை எழுதுங்கள், எண்ணாததை எழுதாதீர்கள். நீங்கள் பயிற்சிக்குப் போகும் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்குப் பாவ்லோ ஜாக்கோனே என்று ஏன் பெயர் வைத்தார்கள் தெரியுமா? சட்ட மருத்துவப் பேராசிரியர் அவர். 1981 கிறிஸ்மஸ் நாளில் பகேரியாவில் நடந்த கொலைகளில் கிடைத்த ஒரு விரல் அடையாளம் பற்றிய அறிக்கையை மாற்றி எழுதச் சொன்னார்கள். மாற்றமாட்டேன் என்றார். 1982 ஓகஸ்ட் 11ஆம் திகதி, அந்த ஆஸ்பத்திரி வளவுக்குள்ளேயே மாபியா அவரைச் சுட்டுக் கொன்றது. உங்களை யாரும் சுடப்போவதில்லை. உங்களிடம் கேட்பதெல்லாம் எண்ணாமல் 18 என்று எழுதவேண்டாம் என்பதுதான்.

மூச்சு 25ஐத் தொட்டால், வசனம் உடைந்தால், நாக்கு நீலமானால், ஆள் உறங்கி உறங்கி விழுந்தால், வார்டில் டாக்டரை அழையுங்கள், வீட்டில் 112ஐ அழையுங்கள். விடியட்டும் என்று இருக்கவேண்டாம்.

தேநீர் வர இன்னும் சற்று நேரம் ஆகும் என்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரின் மணிக்கட்டைப் பிடியுங்கள், ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், வந்த எண்ணைத் தாளில் எழுதி முன்மேசையில் தாருங்கள். எல்லோரும் 18 என்று எழுதினால் மறுபடி எண்ணவைப்பேன்.